பழைய கார் திணறினால், பாதி வழியில் நின்றால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் முறை

எங்கள் வீட்டுக் காருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு நோய் வந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் அழகாக ஓடும். கிளம்பி, ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வெட்டி வெட்டி இழுக்கும். சில நாள் அப்படியே அணைந்தும் விடும். மேட்டில் ஓங்கி மிதித்தாலோ ஒரு குறையும் தெரியாது. பட்டறையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், போகவில்லை. கார்புரேட்டர் கிட் மாற்றினார்கள், போகவில்லை. பெட்ரோல் பம்பைப் புதிதாகப் போட்டார்கள். ஒரு வாரம் சரியானது போல இருந்தது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் கிடைத்த பிழையைச் சரிசெய்ய ஆன செலவு, ஒரு டீ வடைச் செலவுகூட இல்லை. அது என்ன என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

கீழே இருப்பது கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கான வழிமுறை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, எம்.பி.எஃப்.ஐ. (கணினி பெட்ரோல் அளக்கும் முறை) வருவதற்கு முந்தைய மாருதி 800, ஆம்னி போன்றவை இதில் அடங்கும். கணினி பெட்ரோல் அளக்கும் வண்டிகளுக்கு வேறு வழி உண்டு.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கார்புரேட்டரைக் கடைசியில்தான் தொட வேண்டும். வண்டி திணறியதும் எல்லாருடைய கையும் முதலில் போவது அதன் திருகுகளுக்குத்தான். வெளியே தெரிவதும் அவைதான். ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டியில் ஒரு திருகு தானாகத் திரும்பிக்கொள்ளாது. இருக்கிற பிழையோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டால், பிறகு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரிய தலைவலி.

எப்படி நின்றது?

ஸ்பானரை எடுப்பதற்கு முன், வண்டி நின்ற விதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். சுவிட்சைத் தட்டியதும் பல்பு அணைவது போல ஒரே நொடியில் நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: காயில் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை வெட்டி விடும் தொடுமுனை), ஒயர், சாவி சுவிட்ச். எண்ணெய் தீர்ந்த அகல் விளக்கு போல முதலில் மங்கி, பிறகு துடித்து, ஒருமுறை நிமிர்ந்து, அப்புறம் அணைந்ததா? அது பெட்ரோல் பக்கம். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை எஞ்சின் ஓடிப் பார்க்கும். அதனால்தான் அந்தத் துடிப்பு.

விதிவிலக்கு உண்டு. தொட்டும் தொடாமலும் இருக்கும் ஒயரும் துடிப்பை உண்டாக்கும். எங்கள் வண்டியில் எல்லாரும் ஏமாந்தது அங்கேதான். இருந்தாலும் பத்தில் எட்டு முறை இந்த முதல் கேள்வியே பாதித் தூரம் கொண்டுபோய் விட்டுவிடும் என்பது என் அனுபவம்.

வண்டியில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நின்றபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா? மிதி எந்த நிலையில் இருந்தது? டேங்கில் பெட்ரோல் எவ்வளவு? மழையா? எத்தனை நிமிடம் கழித்து மறுபடி கிளம்பியது? நான்கு ஐந்து முறை குறித்தால் ஒரு வரிசை தானாகத் தெரியும். "அப்பப்ப நிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது.

நின்ற இடத்திலேயே செய்யும் இரண்டு சோதனைகள்

வண்டி மறுபடி கிளம்பிய பிறகு சோதித்துப் பயனில்லை. அணைந்த அந்த நிமிடத்தில்தான் பிழை கையில் இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இரண்டே இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் தீப்பொறி. ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, கையிருப்பில் உள்ள நல்ல பிளக் ஒன்றை அதில் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். ரப்பர் பகுதியை மட்டும் உலர்ந்த துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். கொழுத்த நீலப் பொறி 'சட் சட்' என்று வந்தால் நல்லது. மெலிந்த மஞ்சள் பொறி என்றால் பலவீனம். எதுவும் வராவிட்டால் தேட வேண்டிய பக்கம் தெரிந்துவிட்டது. எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் பிளக் ஒயரை எதிலும் தொடாமல் அந்தரத்தில் விட்டு ஸ்டார்ட்டரை அடிக்கக் கூடாது, மாட்யூல் போய்விடும்.

அடுத்தது பெட்ரோல். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, எஞ்சின் அணைந்திருக்கும்போது கார்புரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். ஆக்சிலேட்டர் லிங்கைக் கையால் இழுத்தால் உடனே ஒரு மெல்லிய பெட்ரோல் பீச்சல் தெரிய வேண்டும். தெரிந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று பொருள். சில அம்பாசடர்களில் இருக்கும் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் இந்தப் பீச்சல் கிடையாது; அங்கே கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரை அடித்துப் பார்க்க வேண்டும். காயிலுக்கு வரும் சிறு ஒயரை முதலில் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் சிந்தும் இடத்தில் பொறி கூடாது. தீப்பொறிச் சோதனையையும் பெட்ரோல் சோதனையையும் ஒரே மூச்சில் செய்யவும் கூடாது. சிகரெட் பிடிக்கும் நண்பரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இனி அறிகுறிகள்.

காலையில் கிளம்பியதும் அணைந்துவிடுகிறது

சோக் குமிழை (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுப்பது) இழுத்தால் கார்புரேட்டர் வாயில் உள்ள தகடு முழுவதும் மூடுகிறதா என்று நேரில் பாருங்கள். பழைய வண்டிகளில் சோக் கேபிள் கிளிப்பில் நழுவி, குமிழ் முழுக்க வெளியே வந்தும் தகடு பாதியிலேயே நிற்கும். இதற்குப் போய் கார்புரேட்டரைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு மூன்று நாள் நிறுத்திவைத்த பிறகு வெகு நேரம் ஸ்டார்ட்டர் அடித்தால்தான் கிளம்புகிறது என்றால், கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பத்துப் பதினைந்து நொடி அடித்தால் பம்ப் நிரப்பிவிடும். அது பழைய வண்டியின் இயல்பு. ஒவ்வொரு காலையும் அப்படி என்றால் பம்பின் உள்ளே திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு கசிகிறது, அல்லது டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் எங்கோ காற்று புகுந்து பெட்ரோல் பின்வாங்குகிறது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சோக்கை உள்ளே தள்ளியதும் அணைகிறதா? அது காலை நேரக் கோளாறு இல்லை. கலவையில் பெட்ரோல் குறைகிறது. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

சிக்னலில் நின்றால் அணைகிறது

ஓடும்போது குறை இல்லை. கிளட்சை மிதித்து வண்டி நிற்கும்போது எஞ்சின் கீழே இறங்கி, தடுமாறி, அணைந்துவிடுகிறது. இதற்குக் கருவியே தேவைப்படாத ஒரு சோதனை உண்டு. சூடான எஞ்சினை ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும் நிலையில்) ஓடவிட்டு, சோக்கைக் கால் பங்கு வெளியே இழுங்கள். ஓட்டம் சீரானால் கலவையில் காற்று அதிகம்: ஐடில் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் நுண்துளை) அடைப்பு, அல்லது எங்கோ ஓட்டை வழியே புகும் கள்ளக் காற்று. ஓட்டம் இன்னும் மோசமாகி, புகைபோக்கியில் கறுப்பு தெரிந்தால் பெட்ரோல் அதிகம்: மிதவை, ஊசி வால்வு, அழுக்கடைந்த ஏர் ஃபில்டர். இரண்டிலும் மாற்றம் இல்லை என்றால் தீப்பொறியைத் தேடுங்கள்.

காற்று அதிகம் என்று தெரிந்தால் முதலில் கார்புரேட்டரில் ஒயர் வரும் சிறு சாலினாய்டை (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) பாருங்கள், உங்கள் வண்டியில் அது இருந்தால். சாவியைப் போட்டுவிட்டு அந்த ஒயரைக் கழற்றி மறுபடி தொட்டால் 'டிக்' என்று ஒலி வர வேண்டும். வராவிட்டால் ஐடில் வழிக்குப் பெட்ரோலே போகாது. மாருதி வகையறாக்களில் கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி அலுத்துப்போனவர்கள் பலர் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான்.

பிறகு கள்ளக் காற்று. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் அடித்தட்டும் அதன் பேக்கிங்கும் வெயிலிலும் சூட்டிலும் விரிசல் விடும். இணைப்பைச் சுற்றிப் பெட்ரோலையோ ஸ்பிரேயையோ அடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. சூடான சைலன்சர் அருகே அது எனக்குப் பிடிக்காது. தலைமுடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் பாகம்) பக்கம் போகாமல், இணைப்புகளில் மட்டும் மெல்லப் பனிபோலத் தெளியுங்கள். ஓட்டம் சட்டென்று மாறினால் ஓட்டை அங்கேதான். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் ஐடிலில் பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். மிதித்திருக்கும் வரை எஞ்சின் தடுமாறினால் பூஸ்டரின் உள்தோல் கிழிந்திருக்கலாம். அது எஞ்சின் கோளாறு மட்டும் அல்ல, பிரேக் கோளாறும்கூட. அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இவையெல்லாம் தேறிய பிறகுதான் ஐடில் ஜெட். கழற்றி, கிளீனர் அடித்து, காற்று அழுத்தத்தால் ஊதுங்கள். கம்பியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள். ஜெட்டின் துளை ஓர் அளவு. கம்பி அதைப் பெரிதாக்கிவிட்டால் திரும்பச் சிறிதாகாது.

மிதித்தால் திணறுகிறது

இதில்தான் வகைகள் அதிகம், ஏமாற்றமும் அதிகம். எப்போது திணறுகிறது என்று இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும்.

மிதியைச் சட்டென்று அழுத்திய அந்த நொடியில் மட்டும் ஒரு தொய்வு, பிறகு பறக்கிறது என்றால், ஆக்சிலேட்டர் பம்ப். மிதித்ததும் திடீரென்று காற்று உள்ளே பாயும். அதற்கு ஈடாகப் பெட்ரோலைப் பீச்சுவது இந்தச் சிறு பம்பின் வேலை. மேலே சொன்ன பீச்சல் சோதனையில், லிங்கை அசைத்த உடனே பீச்ச வேண்டும். பாதி தூரம் இழுத்த பிறகு பீச்சினாலோ, ஒழுகினாலோ உள்ளே உள்ள தோல் காய்ந்துவிட்டது. எஸ்.யூ. கார்புரேட்டரில் இந்த வேலையைச் செய்வது மேலே உள்ள குழாயில் ஊற்றும் எண்ணெய். அந்தக் கறுப்பு மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். வறண்டு கிடந்தால் மெல்லிய எஞ்சின் ஆயிலைச் சிறிது ஊற்றுங்கள். அம்பாசடர் வைத்திருப்பவர்களில் இந்த எண்ணெயைப் பற்றியே கேள்விப்படாதவர்கள் உண்டு. அப்படியே உள்ளே இருக்கும் பிஸ்டனையும் விரலால் தூக்கி விடுங்கள். தடையின்றி இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும்.

மிதிக்க மிதிக்க எப்போதும் சோம்பல், மேடு ஏறவே மறுக்கிறது என்றால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாயிண்ட் தேயத் தேய டைமிங்கும் நகரும். அதனால் முதலில் பாயிண்ட் இடைவெளி, பிறகு டைமிங் என்பதே வரிசை. பாயிண்ட் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.4 மி.மீ.க்கு அக்கம்பக்கம் வரும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஃபீலர் கேஜ் இல்லாமல் கண்ணளவில் வைப்பது கைதேர்ந்தவர்களுக்குச் சரி. எனக்குச் சரிவரவில்லை.

இப்போது எங்கள் வீட்டு நோய். மெல்ல மிதித்தால் வெட்டும், ஓங்கி மிதித்தால் வெட்டாது, ஐடிலில் சுத்தம். இதற்கான விளக்கம் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகர டப்பாவில் இருக்கிறது. அதை வேக்கம் அட்வான்ஸ் என்பார்கள். கார்புரேட்டரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அதற்கு வரும். மிதியைச் சற்றே திறந்து சீராக ஓட்டும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் உண்டாகி, டப்பாவுக்குள் இருக்கும் தோலை இழுக்கும். தோல் ஒரு கம்பியை இழுக்கும். கம்பி பாயிண்ட் பொருத்தியிருக்கும் தட்டைச் சற்றுச் சுழற்றித் தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்யும். ஓங்கி மிதித்தால் உறிஞ்சல் விழுந்து, தட்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஐடிலிலும் அந்தக் குழாயில் உறிஞ்சல் இராது.

அதாவது மெல்ல மிதிக்கும்போது மட்டும் அந்தத் தட்டு நகர்கிறது. தட்டோடு சேர்ந்து அசைவதற்காக ஒரு விரல் நீளம்கூட இல்லாத மெல்லிய ஒயர் ஒன்று பாயிண்டுக்குப் போகிறது. தட்டிலிருந்து உடலுக்கு எர்த் ஒயர் இன்னொன்று. முப்பது ஆண்டுகளாக இப்படியும் அப்படியும் வளைந்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்திருந்தன. மேலுறை மட்டும் முழுதாக இருந்ததால் பார்ப்பதற்கு ஒயர் நன்றாகவே இருந்தது. தட்டு ஓய்ந்திருக்கும்போது இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், தட்டு நகர்ந்ததும் பிரியும், தீப்பொறி போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். வேக்கம் குழாயை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, குழாயின் வாயை ஒரு சிறு திருகால் அடைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். மைலேஜ் சற்றுக் குறையும், வேறு கெடுதல் இல்லை. வெட்டுவது நின்றுவிட்டால் பிழை டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே இருக்கிறது. பிறகு மூடியைத் திறந்து, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, தட்டைக் கையால் சுழற்றிக்கொண்டே அந்த ஒயர்களின் இரு முனைகளிலும் பாருங்கள். எண் துள்ளினால் ஒயர் போய்விட்டது.

மாற்றும்போது வீட்டு வயரிங் கம்பியைப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்தில் முறிந்துவிடும். மிக நுண்ணிய இழைகள் கொண்ட, துவளும் ஒயர் வேண்டும். மல்டிமீட்டர் ப்ரோப் ஒயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. எங்கள் வண்டியில் இன்றும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றிய கார்புரேட்டர் கிட்டும் பம்பும் நல்லபடியாகவே உள்ளன. பழையவையும் நல்லபடியாகத்தான் இருந்தன.

சோதனைக்காக அந்தக் குழாயைக் கழற்றும்போதே டப்பாவில் அந்தக் குழாய் மாட்டும் முனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சல் அப்படியே நிலைத்தால் உள்தோல் நல்லது. காற்று வந்துகொண்டே இருந்தால் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசல் மெல்லிய கள்ளக் காற்றாகவும் வேலை செய்யும்.

ஊருக்குள் குறையில்லை, நெடுஞ்சாலையில் இழுவை போய் நிற்கிறது

அறுபது எழுபதில் சிறிது தூரம் ஓடி, மெல்ல மெல்ல இழுவை குறைந்து, அகல் விளக்கு போல அணைகிறது. ஐந்து நிமிடம் நின்றால் எதுவும் நடக்காதது போலக் கிளம்புகிறது. செலவாகும் வேகத்துக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை. நிறுத்தியிருக்கும் நேரத்தில் கிண்ணம் நிரம்புகிறது.

முதலில் டேங்க் மூடி. நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் ஒலி கேட்டால் காற்று வழி அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் போன இடத்துக்குக் காற்று வராவிட்டால் பம்பால் எவ்வளவுதான் இழுக்க முடியும்? பொருந்தாத மூடியை வாங்கிப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். மூடியைச் சற்றுத் தளர்த்திச் சிறிது தூரம் ஓட்டினால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

பிறகு ஃபில்டர். உள்ளே தெரியும் ஒளிபுகும் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். விலை குறைவு, தகவல் அதிகம். துருப்பொடி சேர்ந்தால் டேங்க் உள்ளே அரிக்கிறது. ஃபில்டர் மாற்றிக்கொண்டே இருந்து பயனில்லை, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். டேங்கில் கால் பங்குக்குக் கீழே போனால்தான் நிற்கிறது என்றால் அடியில் வண்டல் உருண்டு குழாய் வாயை மூடுகிறது.

பெட்ரோல் பாட்டிலுக்குள் விழும் சோதனையில், ஸ்டார்ட்டர் அடிக்கும்போது விட்டு விட்டு, ஆனால் வலுவாக விழ வேண்டும். மெல்லச் சொட்டினால் உடனே பம்பைக் குற்றம் சொல்லாதீர்கள். பம்புக்கு முன்னால் உள்ள ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் பம்ப் பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது, ஆகவே கண்ணுக்கும் தெரியாது. பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தால் அதுதான்.

குழாய்களைப் பற்றிப் பேசும்போது எத்தனாலையும் சொல்ல வேண்டும். 2023-இல் தொடங்கி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாய் ஊதும், பிறகு வெடிக்கும். பம்பின் தோலும் கெடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் அது துருவாகிறது. போதாக்குறைக்கு, எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், வெறும் பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் கலவை சற்றுக் காற்று கூடியதாகவே எரியும். எனவே மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மெல்லிய திணறல் மிச்சமிருந்தால் கலவையைச் சற்றே கூட்டுவதில் தவறில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் வகையாக ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். ஒவ்வொன்றாக வெடிக்கட்டும் என்று காத்திருப்பது தீயோடு விளையாடுவது.

சூட்டில் நிற்கிறது

அக்னி நட்சத்திர வெயில், நெரிசல், அல்லது கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை. நின்றால் மறுபடி கிளம்ப அரை மணி நேரம் ஆகும். எல்லாரும் இதை 'ஏர் லாக்' என்று சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் உண்மை. குழாயிலும் பம்பிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் ஆவியை அமுக்கிக்கொண்டு சும்மா துடிக்கும். பத்மினி ஓட்டிய தலைமுறை பம்பின் மேல் ஈரத் துணி போட்டு வண்டியைக் கிளப்பிய கதைகளை வீட்டுக்கு வீடு கேட்கலாம். அந்த வைத்தியம் இன்றும் சரிதான். குழாய் எக்ஸாஸ்ட் அருகே போனால் விலக்கிக் கட்டுங்கள். அதுதான் நிரந்தரத் தீர்வு.

மீதிப் பாதி நேரம் குற்றவாளி காயில் அல்லது கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் சிறு பாகம்). சூடானதும் உள்ளே சுற்று விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். அறிகுறி ஏர் லாக் போலவே இருக்கும். ஈரத் துணி போட்டு அரை மணி காத்திருந்தால் காயிலும் ஆறிவிடும். துணிதான் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். ஆகவே அணைந்த உடனே தீப்பொறியைப் பார்த்துவிடுங்கள். பொறி இருந்தால் ஏர் லாக். இல்லாவிட்டால் காயில், கண்டென்சர்.

காயிலின் முதன்மைச் சுற்று, பேலஸ்ட் (காயிலுக்கு வரும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டியில் 3 ஓம் அளவிலும் பேலஸ்ட் உள்ள வண்டியில் அதில் பாதி அளவிலும் இருக்கும். முன்னதுக்குப் பதிலாகப் பின்னதை மாட்டிவிட்டால் பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். காயில் மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதலில் இதைப் பாருங்கள். எஞ்சின் அணைந்த பிறகு சாவியை ஆன் நிலையிலேயே விட்டுப் பாட்டுக் கேட்பதும் காயிலை வேகவைக்கும். கண்டென்சர் கெட்டால் பொறி மஞ்சளாகி, பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழும். கடைகளில் இப்போது கிடைக்கும் கண்டென்சர்கள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு; நன்றாக ஓடுகிற பழையதைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளம்ப மறுப்பது வேறு கதை. கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்திருக்கும். மிதியைப் பம்ப் செய்யாமல், முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை அடியுங்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிவதால் சமவெளியில் வைத்த கலவையில் பெட்ரோல் கூடிவிடும். சற்றுத் திணறுவதும் புகைப்பதும் கோளாறு அல்ல. மேலே போய்த் திருகைத் திருப்பிவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெட்டுகிறது என்று புலம்ப வேண்டாம்.

மழையில் நிற்கிறது

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர்கள். வேறெங்கும் தேட வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பாருங்கள். ஒயர்களின் மேல் நீலப் பொறி பூச்சி போலப் பறந்தால் மாற்ற வேண்டும். மூடியின் உள்ளே பென்சில் கோடு போலக் கறுப்பு வரி ஓடினால் அது விரிசல் வழியே பொறி போன தடம். துடைத்தால் போகாது.

ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை

ஐடிலில் வண்டியே ஆடும். மூன்று சிலிண்டர் வண்டி என்றால் காபி டம்ளர் குலுங்குவது போல ஆடும். பாயிண்ட் வண்டியில், ரப்பர் பிடி உள்ள இடுக்கியால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் தூங்குகிறது. பிளக்கையும் ஒயரையும் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். பிழை கூடவே நகர்ந்தால் பிளக் அல்லது ஒயர். அங்கேயே நின்றால் டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அமுக்கம்). ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நின்றுபோன பிறகு, இரும்பு சிலிண்டர் ஹெட் உள்ள பழைய எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்ந்து, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வருவதுண்டு. கார்புரேட்டர் வழியே 'டப்' என்று திருப்பி அடித்தால் கலவையில் காற்று அதிகம் அல்லது இன்டேக் வால்வு. சைலன்சரில் வெடித்தால் பொறி தவறுகிறது அல்லது எக்ஸாஸ்ட் வால்வு.

காரணமே இல்லாமல் அணைந்து, குலுக்கினால் உயிர் வருகிறது

பள்ளத்தில் விழுந்தால் நிற்கும்; அடுத்த பள்ளத்தில் தானாகக் கிளம்பும். பேட்டரி முனைகள், எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை, சாவி சுவிட்ச். சாவிக் கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் டாலர் எல்லாம் தொங்கினால் சுவிட்ச் தேய்ந்தே போகும். ஓட்டும்போது சாவியை மெல்ல ஆட்டிப் பார்ப்பதை ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஒரு 12 வோல்ட் சோதனை விளக்கு வேண்டும். காயிலின் சாவிப் பக்க முனையிலிருந்து, சிறிய ஃபியூஸ் போட்ட நீண்ட ஒயர் ஒன்றைக் கண்ணாடி வழியே உள்ளே கொண்டுவந்து, விளக்கின் மறுமுனையை எர்த்தில் கட்டி, டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவர் விளக்கை மட்டும் பார்க்கட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள். எஞ்சின் அணையும் நொடியில் விளக்கும் அணைந்தால் சுவிட்சிலிருந்து காயில் வரையிலான பாதையில் பிழை. விளக்கு எரிந்துகொண்டே எஞ்சின் மட்டும் அணைந்தால் காயிலிலோ அதைத் தாண்டி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமோ பிழை, அல்லது பெட்ரோல்.